விசேஷம் இல்லாத குளம்

எங்கள் ஊரில் கல்யாணமானவனைக் கண்டால் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "விசேஷம் உண்டுமா?" என்றுதான் கேட்பார்கள். மனைவி உண்டாகியிருக்கிறாளா என்று பொருள். நாற்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்ட நான், இரண்டு வருடமாக "இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைவியின் அத்தை ஒரு வைத்தியம் சொன்னாள்: மீன் சினையைப் பொரித்து ஆணுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் குளம். வலை போடும் நாளெல்லாம் சினை எனக்குத்தான்.

ஊர்ச் சாக்கடை, வயலில் அடித்த மருந்து, சோப்புத் தண்ணீர் எல்லாம் அந்தக் குளத்தில்தான் வந்து விழுந்தன. பக்கத்து வீட்டு நண்பன் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். எங்கள் குளத்துக் கெண்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஒரு நாள் நேராக என்னிடம் வந்தான்.

"மக்கா, ஆணுக்க விதைக்குள்ள முட்டை கெடக்கு."

"யாருக்க விதை?"

"மீனுக்கதாம்லே. தண்ணியில கலக்குறதுல சிலது பொம்பள ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். மீனுக்க உடம்பு அத நம்பிப் போவும். பொறவு எங்க குஞ்சு பொரிக்க?"

மீதியை நான் கேட்கவில்லை. இரண்டு வருடமாக நான் தின்றது அந்த மீன்களின் சினையை. கண்ணாடி முன் சட்டையைக் கழற்றினேன். மார்பு எடுப்பாகவே தெரிந்தது. தின்று தீர்த்த நேந்திரங்காய் சிப்ஸ் அப்போது நினைவுக்கு வரவில்லை. மறுநாள் நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம், வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்கச் சொன்னேன்.

"காலையில எத்தனை சாப்பிட்டீங்க?" என்றார் அவர்.

விஷயத்தை விளக்கியதும் எனக்குத் தேவையான சோதனையை எடுத்தார். விந்தணு எண்ணிக்கை குறைவு.

"மீனாலயா சார்?"

"அப்படிச் சொல்லிர முடியாது. வயசு இருக்கு, சர்க்கரை இருக்கு, தொப்பை இருக்கு. மீன் அந்தத் தண்ணியிலயே மூச்சு விடுது. நீங்க அப்பப்ப தின்னீங்க, அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னபோது மனைவி சிப்ஸ் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தாள். "அந்த மீனுக்கே பிள்ளை இல்ல. அதத் தின்னா ஒங்களுக்கு எங்கேருந்து வரும்?"

மழை தொடங்கினால் குளத்தோரம் மீன்குஞ்சுகள் கறுப்பாக மொய்க்கும். அந்த ஐப்பசியில் நடைப்பயிற்சி என்ற பெயரில் தினமும் போய்ப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்பட்டன. ஒரு காலை நண்பன் குளத்துத் தண்ணீர் எடுக்கக் கண்ணாடிக் குப்பியோடு வந்து என் அருகில் குனிந்தான்.

"விசேஷம் உண்டுமாலே?"

என்னைக் கேட்டானா குளத்தைக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை.

"இல்ல" என்றேன்.