கூடத்திலிருந்து கடைசி அறைக்கு

கல்லூரிப் பிள்ளைகள் அவளை ‘டைப் அக்கா’ என்றுதான் அழைத்தார்கள். வகுப்பில் பேராசிரியர் பேசப் பேச, வீட்டிலிருந்தபடியே அதைக் கேட்டு அடிப்பது அவள் வேலை. அடித்த சொல் அடுத்த நொடியே காது கேட்காத மாணவர்களின் திரையில் ஓடும். நாற்பத்தெட்டு வயதிலும் விரல்கள் எந்த வாயாடிக்கும் ஈடு கொடுத்தன. காலை வாரியது நெட்தான்.

நெட் பெட்டி கூடத்தில், அண்ணனின் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் கம்ப்யூட்டரோ மூன்று சுவர் தள்ளி, வீட்டின் கடைசி அறையில். அங்கே வந்து சேர்வதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கிவிடும். ஒருநாள் உடற்கூறியல் வகுப்பில் பாதியில் அறுந்து, பதினோரு நிமிடம் திரும்பவே இல்லை. அன்று மாலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘அக்கா, இதயத்தைப் பத்தி சார் சொன்னப்போ எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. நான் அவர் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.’

அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டியைத் தன் அறைக்கு மாற்றி, கம்ப்யூட்டருக்கு நேராக வயர் போட்டுவிட வேண்டும். அண்ணனிடம் சொன்னாள்.

“உக்காந்த இடத்துல தட்டறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்” என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை காலை கம்பெனி ஆள் பையும் டிரில்லுமாக வந்து நின்றார். அண்ணன் வாசலிலேயே மறித்தார். “ஒண்ணும் மாத்த வேண்டாம். நீங்க கிளம்புங்க.”

வந்தவர் திரும்பி நடந்தார்.

“நில்லுங்க தம்பி” என்று பின்னாலேயே வந்தாள் அவள். “கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.”

அவர் போனைத் தடவிப் பார்த்தார். “உங்க பேர்லதான் மேடம்.”

விண்ணப்பம் நிரப்பச் சோம்பல்பட்டு, ‘எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ’ என்று கனெக்‌ஷன் வாங்கிய அன்றைக்கு அவள் தலையில் கட்டியவர் அண்ணன்தான். இப்போது முகம் சிவந்தது. “பேர் யாரோடதா வேணா இருக்கட்டும். என் சுவத்துல ஓட்டை போட விடமாட்டேன்.”

“சுவர் அப்பா கட்டினது அண்ணா. உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு.”

கம்பெனி ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்களேன். ஓட்டை போட்டவன்னு நாளைக்கு என் தலைதான் உருளும்.”

“அப்போ ஓட்டையை நான் போடறேன். நீங்க வெளியிலேருந்து வயரை மட்டும் இழுங்க.”

சொன்னதோடு டிரில்லையும் வாங்கிக்கொண்டாள். ஆயுளில் அதைத் தொட்டதே இல்லை. கடைசி அறையின் வெளிச்சுவரில், மின்கம்பி ஓடாத இடமாகப் பார்த்து அவர் பென்சிலால் புள்ளி வைத்தார். அவள் ஸ்டூலில் ஏறினாள். அது ஆடியது, பிறகு சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தால், அண்ணி இரு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணையும் பாக்கலை. நீ போடு.”

டிரில் அலறியது. அண்ணன் கதவருகே நின்று ஏதோ கத்தினார்; ஒரு சொல்லும் காதில் விழவில்லை. செங்கல் தூள் தலை, புருவம், சேலை எங்கும் கொட்டியது. அவள் விரலை எடுக்கவில்லை. திடீரென்று எதிர்ப்பு விலகி, டிரில் அந்தப் பக்கம் போனது. ஓட்டை வழியே வெயில் உள்ளே வந்தது.

மதியத்துக்குள் பெட்டி அவள் மேசைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் வயர்.

திங்கட்கிழமை மூன்று மணி நேர வகுப்பு ஓரிடத்திலும் அறுபடவில்லை. பேராசிரியர் நடுவே அடித்த மொக்கை ஜோக்கைக்கூட அவள் விடாமல் அடித்தாள். முடிந்ததும் அந்த மாணவி எழுதினாள்: ‘இன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்பவே நானும் சிரிச்சேன் அக்கா.’

அண்ணன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானத்துக்குப் போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு வகுப்புகளை ஏற்றுக்கொண்டாள்.