சென்னிமலையில் கிடைத்த இரண்டு பிரேக் போல்ட்டுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஊட்டி ஏறலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். தொண்ணூற்றாறு டிசம்பரில் நாங்கள் ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஊட்டியில் கார் ராலி. என் அக்கா ஜெசிந்தா ஓட்டவிருந்த முதல் போட்டி. சேமிப்பு முழுவதையும் போட்டு, கைமாறி வந்த ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தாள். வழி சொல்ல நான். வெள்ளி விடியலில் திருச்சியில் கிளம்பினோம்.

மதியம் பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் இடது முன்சக்கரத்தில் சத்தம். மெல்ல உருட்டிக்கொண்டு போய் காரமடையில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். சக்கரத்தைக் கழற்றினால், சக்கரத்தட்டைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணோம். மற்றதில் மரை தேய்ந்திருந்தது. பட்டறையில் கிடந்த சாதா போல்ட் அதே துளைக்குள் போகத்தான் செய்தது. அக்கா அதை உடனே கழற்றினாள். மலை இறக்கத்தில் அது முறிந்தால் இரண்டு பேரும் பள்ளத்தில் என்றாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு கோவை காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினோம். ஒரு மணி நேரம். ஸ்பேர்ஸ் கடைகளில் எல்லோரும் மரியாதையாகக் கையை விரித்தார்கள். பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும், பத்து நாளாகும். கடைசிக் கடைக்காரர் மட்டும் தேய்ந்த போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சென்னிமலையில் பழனிசாமி என்ற பெட்ஷீட் வியாபாரியிடம் இதே கார் நிற்கிறது என்று சொல்லி, அவரே போன் போட்டும் கொடுத்தார். பழனிசாமி வரச் சொன்னார்.

சனி காலை ஈரோடு பஸ்ஸில் பெருந்துறை, அங்கிருந்து டவுன் பஸ். மூன்று மணி நேரம் ஆனது. குடோன் பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் காரின் இரட்டைப்பிறவி. கியர் பாக்ஸ் போய் இரண்டு வருடமாக நிற்கிறதாம். அவர் ஸ்பானரை எடுத்ததும் அவர் மனைவி வெளியே வந்தார்.

"ஏனுங்க, இதையும் கழட்டிப்போட்டா அப்பறம் பழைய இரும்புக்குத்தானுங்க போவும்."

பழனிசாமியின் கை நின்றுவிட்டது. அக்கா, போட்டி அடுத்த வருடமும் வரும், காரைப் பிரிக்க வேண்டாம் என்றாள். உண்மையாகவே சொன்னாள். அவர் பானெட்டின் மேல் ஒருமுறை கையை வைத்துவிட்டு ஸ்பானரைத் திருப்பினார்.

"நிக்கற வண்டிக்குப் பிரேக் எதுக்குங்க அம்மணி. ஓடற வண்டி ஓடட்டும்."

மாலைக்குள் காரமடையில் இரண்டு போல்ட்டையும் முறுக்கி, பிரேக்கைப் பத்து முறை மிதித்துப் பார்த்துவிட்டு மலை ஏறினோம். ராலியில் அக்கா கடைசியிலிருந்து நான்காவது. ஆனால் இறங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பழைய காரில் போகிறவர்களுக்கு: மேட்டுப்பாளையத்துக்கு முன்பே நான்கு சக்கரத்தின் பிரேக் போல்ட்டுகளையும் சோதியுங்கள். பிரேக்குக்கு சாதா போல்ட் போடாதீர்கள். கடையில் பொருள் இல்லையென்றால், அதே கார் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

பிப்ரவரியில் புது போல்ட்டுகள் வந்ததும் பழனிசாமியுடையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்னிமலை போனோம். அக்கா எங்கள் கார் சாவியை அவரிடம் நீட்டினாள். பெருந்துறை வரை போய்த் திரும்பினார். வந்து இறங்கியவர் நேராகக் குடோனுக்குள் போய், கியர் பாக்ஸ் கேட்டு பம்பாய்க்குப் போன் போட்டார். அவர் மனைவி எங்களுக்குக் காபி கலக்கப் போனார்.