வேண்டாத ராணிகளின் பேஸ்மென்ற்

எங்கள் முதியோர் சங்கத்து மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று தரச் சொல்லிக் கேட்டார்கள். ரஷ்யாவுக்குப் போய் வந்தவள் சங்கத்தில் நான் ஒருத்திதானாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். பிழை கிடந்தால் வாசிக்கிறவர்கள் திருத்தி வாசிக்கட்டும். ஆனால் கண்கொள்ளாக் காட்சி, மறக்கமுடியாத அனுபவம் என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அது வேண்டுமென்றால் மருமகளைக் கேளுங்கள், படத்தோடு தருவாள்.

அங்கே இப்போது நடக்கிற சண்டை தொடங்குவதற்குச் சில வருடம் முந்தின கதை இது. மருமகளுக்கு மிசிசாகாவில் ஒரு கந்தோரில் வேலை. பக்கத்து மேசையில் இருந்த ரஷ்யாக்காரி ஒருத்தி தன்னுடைய நாட்டில் பழைய ஊர் ஒன்று இருக்கிறது, பார்த்தால் திரும்பி வர மனமிருக்காது என்று சொல்லியிருக்கிறாள். இவள் பிடித்துக்கொண்டாள். வருடா வருடம் மகனும் மருமகளும் எங்கேயாவது போவார்கள். ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அந்த முறை மட்டும், "மாமி, நீங்களும் வாங்கோவன்" என்றாள். அவள் கேட்கும்போது மகன் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ இருக்கிறது என்று அப்போதே விளங்கிவிட்டது.

இருந்தது இதுதான். அந்த மாரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தேன். அதிலிருந்து மகனுக்கு ஒரே கதை. ரொறன்ரோ நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருக்கிற என் வீட்டை விட்டுவிட்டு நகரத்தின் ஓரத்தில் மில்லிக்கனில் இருக்கிற தங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அங்கே மேலே இடம் இல்லை. கீழே நிலத்துக்கு அடியில் பேஸ்மென்ற் இருக்கிறது. புதுக் கார்ப்பெற் போட்டு, பிடித்து நடக்கக் கம்பி வைத்து, "மாமிக்கெண்டு செய்தது" என்று வந்துபோகிற எல்லோருக்கும் மருமகள் திறந்து காட்டுவாள். எனக்கும் காட்டினாள். முகட்டோடு ஒட்டி ஒரு சன்னல். அதால் பார்த்தால் காரின் சில்லுத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

அப்போதே நான் என் வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். லிப்டில் இறங்கினால் பால், மரக்கறி, மருந்து எல்லாம் காலடியில். தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் எடுத்து எங்கே வேண்டுமானாலும் போவேன், யாரிடமும் சொல்லாமல் திரும்பி வருவேன். மில்லிக்கனில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்குவதென்றாலும் யாராவது காரை எடுக்க வேண்டும். எடுக்கச்சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்டுப் பழகவில்லை.

வாடகை வீட்டை விடுகிறேன் என்று கட்டிடத்துக் கந்தோருக்கு நிரப்பிக் கொடுக்கிற பாரம் ஒன்று உண்டு. அதை மகன் எடுத்து வைத்திருந்தான். "பயணம் போட்டு வந்து ஆறுதலாக் கையெழுத்து வையுங்கோ அம்மா. அவசரமில்லை" என்றான். ஆக, ரஷ்யா எனக்கு முன்கூட்டித் தந்த லஞ்சம். சரி, தருவதைத் தரட்டும் என்று போனேன்.

மொஸ்கோவில் இறங்கி வாடகை வான் வண்டியில் நாலு மணித்தியாலம். ஊரின் பெயர் என் வாயில் நுழையாது. சனத்தைவிடக் கோயில் கூடின ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரத்துக்கு மேலே வெங்காயம் வெங்காயமாக நிற்கும். பச்சை வெங்காயம், நீல வெங்காயம், நீலத்தில் பொன் நட்சத்திரம் ஒட்டின வெங்காயம். ஒரு வளவுக்குள் இரண்டிரண்டு கோயில். ஏன் இரண்டு என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண், ஒன்று மாரிக்கு, மற்றது கோடைக்கு என்றாள். கடவுளுக்குக் குளிருக்கு ஒரு வீடு, வெயிலுக்கு ஒரு வீடு. ரொறன்ரோப் பணக்காரர் வாவிக்கரையில் கொட்டேஜ் வைத்திருக்கிற மாதிரி.

முதல் கோயில் வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன். கோயிலென்றால் கழற்றத்தானே வேண்டும். உள்ளே மெழுகுதிரி துடைத்துக்கொண்டு நின்ற கிழவி ஒருத்தி என் காலைப் பார்த்து ஏதோ ஏசினாள். மருமகள் சிவந்துபோய், "மாமி, போடுங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றாள். பார்க்கட்டும். சாமிக்கு முன்னால் தெருச்சேற்றோடு நிற்கிறவர்களுக்கு இல்லாத வெட்கம் கழற்றினவளுக்கு என்னத்துக்கு? அந்தக் கல்நிலம் முழங்கால் வரைக்கும் விறைத்தது. அது வேறு கதை. இருக்கக் கதிரை ஒன்றும் இல்லை, எல்லோரும் நின்றபடிதான். சுவர் முழுக்கப் பெரியவர்களின் படம், ஒருவராவது சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவி முணுமுணுத்துக்கொண்டு ஒரு கம்பளித் துண்டைக் கொண்டுவந்து என் காலுக்குக் கீழே போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பவும் ஏசினாள். அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே மனிசி அவள்தான்.

மருமகளுக்கும் வெட்கப்பட ஒருநாள் வந்தது. ஒட்டின ஜீன்ஸோடு பெண்கள் உள்ளே போகக் கூடாதாம். வாசலில் ஒரு கூடைக்குள் பாவாடைத் துணிகள் கிடந்தன, ஊர்ச்சனம் எல்லாம் கட்டி அவிழ்த்தவை. அதில் ஒரு பூப்போட்டதை எடுத்து இடுப்பில் சுற்றி, தலையிலும் ஒரு துண்டைப் போட்டாள். கிணற்றடிக்குக் குளிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது. அன்றைக்கு மட்டும் அவள் படம் எடுக்கவில்லை.

ஒரு மடத்தைக் கோட்டை மாதிரிச் சிவப்பு மதில் கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் சாமியார்கள் இருந்தார்களாம், பிறகு அதையே மறியலாக்கி ஆட்களைப் பூட்டினார்களாம், இப்போது ரிக்கெற் விற்கிறார்கள். மதில் அதே மதில்தான். சதுக்கத்தில் ஒரு சிலை, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கே போகச் சொல்கிறது என்று ஒருவரும் கவனிக்கிறதாகத் தெரியவில்லை. தலையில் புறா எச்சம். மருமகள் அதற்குக் கீழே நின்று அதே மாதிரிக் கையை நீட்டி நாலைந்து படம் எடுத்தாள். சந்தையில் வெள்ளரிக்காயில் ஜாம் காய்ச்சி விற்றார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தேன். வெள்ளரிக்காய்க்கு அவர்கள் செய்த அநியாயம் அது.

மூன்றாம் நாள் பெண்கள் மடத்துக்குப் போனோம். ஆற்றங்கரையில் வெள்ளை மதில். உள்ளே வெட்டின புல், பூப்பாத்தி, சின்னச் சின்ன மரவீடுகள். கறுப்பு உடுத்த கன்னியாஸ்திரிகள் ஒரு சத்தமும் இல்லாமல் அங்குமிங்கும் போனார்கள். மருமகள் நெஞ்சில் கையை வைத்து மூச்சை இழுத்து, "என்ன பீஸ்ஃபுல் மாமி. இங்கேயே இருந்திடலாம் போலக் கிடக்கு" என்றாள். இரு பிள்ளை, யார் வேண்டாமென்றது என்று மனதுக்குள் சொன்னேன்.

வழிகாட்டிப் பெண் இங்கிலீஷில் பாடமாக்கினதை ஒப்புவிப்பாள், மகன் எனக்குத் தமிழில் சொல்வான். அந்தக் காலத்து ராசாக்கள் வேண்டாத பெண்சாதியை இங்கேதான் கொண்டுவந்து விடுவார்களாம். ஒருத்திக்குப் பிள்ளை இல்லை. இன்னொருத்தி அலுத்துப் போனாள். இன்னொருத்தியின் தகப்பன் வீட்டோடு ராசாவுக்குக் கோபம். வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் நல்ல சாப்பாடு கொடுத்துக் கூட்டிவந்து, தலைமயிரை வெட்டி, பெயரை மாற்றி, மதிலுக்குள் விட்டுவிடுவார்களாம். இந்தப் பூப்பாத்தி, இந்த வெள்ளைக் கோபுரம் எல்லாம் ராசாக்கள் குற்றம் தெரியாமல் இருக்கக் கட்டிக் கொடுத்ததாம்.

"அப்ப அந்த ராணியள் இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

மகன் பெரிய கோயிலைக் காட்டினான். "உதுக்குக் கீழைதான் அம்மா. பேஸ்மென்ரிலை வச்சிருக்கினம்."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. பத்து வயதில் கனடாவுக்கு வந்த பிள்ளை. கோயிலுக்குக் கீழே ஆட்களைப் புதைக்கிற அறைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சொன்னபிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது. முகம் ஒருமாதிரிப் போனது.

"கார்ப்பெற் போட்டிருக்கோ?" என்று கேட்டேன்.

"அம்மா, உது சவக்காலை. அதையும் இதையும் சேக்காதேங்கோ."

"நான் சேக்கேல்லை. நீதான் பேஸ்மென்ற் எண்டனி."

கீழே இறங்கினோம். படி செங்குத்து. அவன் கையைப் பிடிக்க வந்தான், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பதிந்த முகடு. நிலத்தில் வரிசையாகக் கல்லு, அதற்குக் கீழே ராணிகள். மஞ்சள் பல்ப் ஒன்று எரிந்தது. முகட்டோடு ஒட்டிக் கையகலத்தில் ஒரு சன்னல், அதால் புல்லின் வேர்ப்பக்கம் தெரிந்தது. வழிகாட்டி மெல்லிய குரலில், இவர்கள் எல்லோரும் இங்கே நிம்மதியாக இருந்தார்கள் என்று சொன்னாளாம். யாரைக் கேட்டுச் சொன்னாளோ தெரியாது.

மேலே வந்து மதிலோரம் ஒரு மர வாங்கில் இருந்தேன். மருமகள் பூப்பாத்தியைப் படம் எடுக்கப் போனாள். மகன் பக்கத்தில் வந்து இருந்தான்.

பிறகு, "அண்டைக்கு மூண்டு மணித்தியாலம் நிலத்திலை கிடந்தனீங்கள்" என்றான். "பக்கத்து வீட்டுக்காரிக்குச் சத்தம் கேட்டபடியால் சரி. கேட்டிராட்டி?"

அது உண்மை. ஈரத் தரையில் எழும்பமுடியாமல் கிடந்து, பிளாஸ்ரிக் கோப்பையால் சுவரில் தட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு எத்தியோப்பியாக்காரிதான் கேட்டு, ஆட்களைக் கூப்பிட்டுக் கதவைத் திறப்பித்தாள். அன்றைக்கு நான் பட்ட பயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முதல் எழுதுகிறேன். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

"திரும்பவும் விழுவன்தான்" என்றேன். "வயசு போனால் விழுறதுதான். அதுக்காக விழாத நாளெல்லாம் உன்ரை காருக்குக் காத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?"

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஏழெட்டு மணியை ஒருவன் கயிறு கட்டி இழுத்து அடித்தான், எல்லோரும் ஓடிப்போய்க் கூடி நின்று கைதட்டினார்கள். பூசைக்கு அடிக்கிற மணிக்குக் கைதட்டுகிற சனத்தை அங்கேதான் கண்டேன்.

திரும்பி வந்து ஒரு கிழமை இருக்கும். மகன் வரவில்லை. மருமகள் வேலையால் நேரே வந்தாள், பாரத்தோடு. நான் சுட்டு வைத்திருந்த வடையில் இரண்டைச் சாப்பிட்டாள். பயணம் எனக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது என்று தன்னுடைய சிநேகிதிகளுக்குச் சொன்னதாகச் சொன்னாள். பிறகு பாரத்தை மேசையில் விரித்து, விரலால் ஒரு கோட்டைக் காட்டி, "இதிலை ஒரு சைன் மாமி, மிச்சமெல்லாம் நான் நிரப்பிட்டன்" என்றாள்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் மகன் வருவான், மூன்று மணித்தியாலக் கதை திரும்ப வரும், எனக்குப் பதில் இருக்காது. அவள் அழுவாள். நான் எங்கேயும் தமிழில்தான் கையெழுத்து வைப்பது. கனடாச் சிற்றிசன் எடுத்த கடுதாசியிலும் தமிழ்தான். இவள் இங்கே வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எம்.ஏ படித்த பெண். நான் கண்ணாடியைப் போட்டு, பேனையைப் பிடித்து, அவசரப்படாமல் நாலு எழுத்தைக் குந்தவைத்தேன். காலும் கொம்பும் சரியாக வந்தன. அவள் அதை வடிவாக மடித்துப் பையில் வைத்து, "தாங்ஸ் மாமி" என்று என் கன்னத்தில் ஒரு முத்தமும் தந்துவிட்டுப் போனாள். போகும் வழியில் கீழே கந்தோரில் தானே கொடுத்தாளாம். அவ்வளவு அவசரம்.

அந்தக் கந்தோரில் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் வேலை செய்கிறார். தலை நரைத்த மனுசன். அடுத்த நாள் காலை போன் எடுத்தார்.

"அம்மா, உங்கடை பாரம் ஒண்டு வந்து கிடக்கு" என்றார். "கையெழுத்து வைக்கிற இடத்திலை 'மாட்டேன்' எண்டு எழுதிக் கிடக்கு. உதோ உங்கடை பேர்?"

"ஓம் தம்பி. அந்தப் பாரத்துக்கு அதுதான் என்ரை பேர்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டுச் சிரித்திருப்பார். பாரத்தை மில்லிக்கனுக்கே அனுப்பிவிட்டார். மருமகள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பேஸ்மென்றில் இப்போது உடற்பயிற்சிக்கு ஓடுகிற மெசின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்களாம், அதில் ஒருவரும் ஓடுவதில்லையாம்.

மகன் பாரம் கிடைத்த நாள் பின்னேரம் வந்தான். ஏசுவான் என்று பார்த்தேன். தேத்தண்ணி குடித்தான். குளியலறைக்குள் போய்த் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு வெளியே வந்து, வீட்டுத் திறப்புச் சாவி ஒன்று தனக்கும் தரச் சொன்னான், ஏதாவதென்றால் கதவை உடைக்காமல் வரலாமே என்று. நான் விழுந்த நாளிலிருந்து எத்தியோப்பியாக்காரியிடம் ஒன்று இருக்கிறது. என் பிள்ளை இருபத்தெட்டு வருடத்தில் கேட்டது அதுதான் முதல்தரம். கீழே கடையில் நானே போய் வெட்டுவித்துக் கொடுத்தேன்.