பக்கவாட்டில் பறக்காத ஹெலி

கொக்குவிலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு கணித மாஸ்ரர் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், வானத்தில் ஆமியின் ஹெலிகொப்ரர் இரைந்தால் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அவர் வாயைப் பார்க்கும். காரணம், கப்பலில் வேலை செய்த மைத்துனர் அவருக்குக் கொடுத்த பைனாகுலர். அதன் கண்ணாடிக்குள் அளவுகோல்போலச் சின்னக் கோடுகள் இருந்தன. ஹெலி எத்தனை கோடுகளை மறைக்கிறது என்று பார்ப்பார். அதன் நீளம் தனக்குத் தெரியும் என்பார். நீளத்தை அந்தக் கோடுகள் காட்டும் கோணத்தால் வகுத்து, மதிலுக்கு மேலால் தூரத்தை அறிவிப்பார். தூரம் என்றால் பெண்கள் திரும்பிப்போய் உலையில் அரிசி போடுவார்கள். கிட்ட என்றால் எல்லோரும் அவர் வளவில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்குவோம்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. பங்கரின் ஈரம் பட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். வீணாக இறக்கினால் மூச்சுக்குத் தவிப்பாள். இறக்காமல் விட்டால் நடக்கக்கூடியதை நினைக்கவே பயம். மாஸ்ரர் சொல்வதைக் கேட்டு நடக்கச் சொல்லிவிட்டுக் கணவர் வேலைக்குப் போவார். நானும் கேட்டு நடந்தேன்.

கணக்கு நானும் படித்ததுதான். ஆனால் ஹெலி பக்கவாட்டில் பறந்தால்தானே முழு நீளமும் தெரியும்? எங்களை நோக்கி வந்தால் மூக்கு மட்டும்தான் தெரியும். கோடுகள் குறையும், தூரம் கூடும். அதாவது, எங்களைச் சுட வருகிற ஹெலிதான் மாஸ்ரரின் கணக்கில் எல்லாவற்றிலும் தள்ளி நிற்கும். நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று தாளில் படம் கீறிக் கீறிப் பார்த்தேன். கடைசியில் பணிவாகக் கேட்டேன்.

"மாஸ்ரர், அது நேரை எங்களைப் பாத்து வந்தால் நீளம் எப்பிடித் தெரியும்?"

"பிள்ளை, நான் எத்தினை வருசமாய்க் கணக்குப் படிப்பிக்கிறன்? நீர் போய்ப் பிள்ளைக்குப் பாலைக் குடும்."

போய்க் கொடுத்தேன்.

ஒரு காலை இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. மாஸ்ரர் பைனாகுலரை இறக்காமலே சொன்னார்: "உவன் மூண்டு மைலுக்கு அங்காலை. ஒருத்தரும் ஓடாதேங்கோ."

ஒருவரும் ஓடவில்லை. காது ஒன்றும் படித்தவர் வாய் வேறொன்றும் சொன்னால் எங்கள் ஒழுங்கை வாயைத்தான் நம்பும். நான் மகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு பங்கருக்கு ஓடினேன். "உவவுக்கு எப்பவும் அவசரம்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கீழே இறங்கி முடிய முதலே சூடு தொடங்கியது. ஒழுங்கை முழுவதும் என் மேல் வந்து விழுந்தது. மாஸ்ரர்தான் கடைசி, பைனாகுலரின் வார் பங்கர் வாசல் பனங்குற்றியில் கொழுவிக்கொண்டு அவரை வெளியே இழுத்துப் பிடித்தது.

யாருக்கும் காயமில்லை. ஹெலி போன பிறகு மாஸ்ரர் வேட்டித் தலைப்பால் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்தார்.

"உவன் பக்கவாட்டிலை வந்திருந்தால் கணக்குச் சரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிழை ஹெலி ஓட்டியவனுடையது என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

பின்னேரம் மகளுக்கு இழுப்பு வந்தது. பங்கரில் இறக்கியது சரிதானா என்று அப்போதும் ஒருமுறை யோசித்தேன். அவள் நெஞ்சு மெல்ல ஆறிவரும்போது மறுபடியும் இரைச்சல் கேட்டது. மதிலுக்கு மேலால் குரல் வந்தது: "நாலு மைல்." பக்கத்து வீடுகளில் அரிசி களையும் சத்தம் திரும்பவும் கேட்டது.

தரையில் விரிக்க ஒரு பொலித்தீனையும் மகளையும் தூக்கிக்கொண்டு, அண்ணாந்து கோடுகளை எண்ணிக்கொண்டிருந்த அவரைத் தாண்டி, அவருடைய பங்கருக்குள் இறங்கினேன்.