முகம் மைதிலி, குரல் வேறு

போன மாதம் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட வந்தவள் என் பள்ளிக்கூடத் தோழி மைதிலி. அது வீட்டுப் பெயர். சினிமாப் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர், “ஓ... அந்த ராட்சசியா!” என்பீர்கள். வேண்டாம். மூன்று வருடமாக ஒரு கூட்டுக் குடும்பத்தைச் சல்லி சல்லியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாளே, அந்த இரண்டாவது மருமகள் – அவளேதான்.

கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. சோழவந்தானிலிருந்து வேன் பிடித்தெல்லாம் வந்திருந்தார்கள். மைதிலி காரைவிட்டு இறங்கியதும் விசில். கும்பிட்டாள், கையசைத்தாள், ரிப்பன் வெட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ கையில் மைக்கைக் கொடுத்தார்கள் – அதுதான் வினை.

“எல்லாருக்கும் வணக்கம். நானும் மதுரைப் பொண்ணுதான்...”

கூட்டம் கப்சிப். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினார்.

“அடியே, இது அவ இல்லடி!”

“அவதான் மதினி. மூஞ்சியப் பாருங்க.”

“மூஞ்சி கெடக்கட்டும். கொரலக் கேட்டியா? அவ பேசுனா கிளி கொஞ்சுற மாதிரி இருக்கும். இது எங்க வீட்டுக்காரரு சளி பிடிச்சுப் பேசுற மாதிரியில்ல இருக்கு! கடைக்காரன் டூப்பக் கூட்டியாந்து நம்மள ஏமாத்துறான்.”

‘டூப்பு’ என்ற சொல் முன்வரிசைவரை பரவ எவ்வளவு நேரமாகும்? கடை முதலாளிக்கு வேர்த்துவிட்டது. “சீரியல் டயலாக் ஒண்ணு எடுத்து விடுங்கக்கா, நம்புறோம்!” என்று ஒருவர் கத்தினார். பாவம், சொன்னாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

மைதிலிக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். பள்ளியில் பிரேயர் பாட நிறுத்தினால், “நீ வாய மட்டும் அசை, போதும்” என்பார் டீச்சர். அவள் தொழிலே பிற்காலத்தில் அதுதான் ஆகப்போகிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னைக்குப் போனாள். முதல் படத்தின் இயக்குநர், முகம் பிரமாதம், குரல் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் யாருமே அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலைந்து படங்களில் கதாநாயகனின் தங்கை. இடைவேளைக்குள் எப்படியாவது செத்துப்போவாள். கதாநாயகியாக வந்த ஒரே படம் மதுரையில் ஒரு வாரம்தான் ஓடியது. அதிலும் மைதிலியின் வாயிலிருந்து ஏதோ ஒரு பாப்பா பேசியது. வாய்ப்புகள் குறைந்த நேரத்தில் மெகா சீரியல்கள் வந்து காப்பாற்றின.

சீரியலில் மட்டும் என்ன? வசனத்தை மனப்பாடம் செய்ய அங்கே நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் ஒரு வரி உரக்கப் படிப்பார். நடிப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தை அப்படியே ஒளிபரப்ப முடியுமா? துடைத்துவிட்டு, டப்பிங் தியேட்டரில் வேறொருவரைப் பேசவைப்பார்கள். மைதிலிக்குப் பேசுவது ஓர் இளம்பெண். கிளி கொஞ்சியது அவள்தான்.

திறப்பு விழா முடிந்து காரில் வண்டியூருக்குப் போனோம். அங்கேதான் அவளுடைய அம்மா இருக்கிறார். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன்.

“விடுடி,” என்றாள். “இவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. எங்கம்மாவே என்னைய நம்ப மாட்டேங்குது. அதுக்கு என்ன பண்ண?”

புரியவில்லை. ஏழரை மணிக்குப் புரிந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு கண்ணும் போய்விட்டன. பார்வை இருந்தவரை மகளைத் திரையில் பார்த்தார், பூரித்தார். யார் குரலாக இருந்தால் என்ன? கண் போனதும் மகள் டி.வி.யிலிருந்தே காணாமல் போய்விட்டாள். ஆனாலும் ஒருநாள் விடாமல் சீரியலைக் கேட்கிறார்.

அன்றைக்கும் கேட்டார். பக்கத்தில் மைதிலி. திரையிலும் மைதிலி – யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டா பாரு, சண்டாளி” என்றார் அம்மா. பிறகு மகளின் கையைத் தடவி, “நீ எப்பம்மா வருவே?” என்று கேட்டார்.

“இதாம்மா, இப்பப் பேசுறதே நான்தான்.”

“போடி. பெத்தவளுக்குத் தெரியாதா? அது எவளோ.”

அம்மாவும் மகளும் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவார்கள். நான் அந்த வீட்டிலேயே வளர்ந்தவள் என்பதால் எனக்குப் புரியும். புரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று அன்று தோன்றியது. மைதிலி எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“ஒரே ஒரு தடவ... நாந்தான்னு அதுக்குத் தெரியணும்டி,” என்றாள். கண் கலங்கியிருந்தது. நடிப்பில் அழும்போது இவ்வளவு சத்தமில்லாமல் அழமாட்டாள்.

அந்த ஒரு தடவைக்கு வழி எப்படிப் பிறந்தது தெரியுமா? பிரசவத்தால். டப்பிங் பேசும் பெண்ணுக்கு நிறைமாதம். அவள் ஊருக்குப் போனதும் மைதிலி இயக்குநரிடம் போய் நின்றாள் – நானே பேசுகிறேன். அவர் யோசித்தார். ரேட்டிங் விழுந்தால் உங்கள் கேரக்டரை லாரியில் அடித்துக் கொன்றுவிடுவேன் என்றார். சீரியல்காரர்கள் இதையெல்லாம் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இவளுக்கு அப்போது கையில் இருந்ததே அந்த ஒரு சீரியல்தான். சரி என்றுவிட்டாள்.

போன திங்கள்கிழமை அவள் குரலில் முதல் நாள். “அம்மா பக்கத்துல இருடி, மொகத்தப் பாத்துச் சொல்லு,” என்று எனக்கு உத்தரவு. நான் குடியிருக்கும் திருநகரிலிருந்து பஸ் மாறி வண்டியூர் போய்ச் சேர்ந்தேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை.

அன்றைய காட்சி என்ன என்று மைதிலிக்குத் தெரியும். அவள் அதை யோசிக்கவே இல்லை. இரண்டாவது மருமகள் மாமியாரை வீட்டைவிட்டுத் துரத்துகிற காட்சி.

“போதும்மா, நீ இருந்தது. கெளம்பு!”

முதல் வார்த்தையிலேயே அம்மா நிமிர்ந்துவிட்டார். “மைதிலி!” என்றார். முகம் அப்படி மலர்ந்தது. எனக்கே புல்லரித்துவிட்டது. ஆனால் காட்சி நிற்கவில்லையே... “உனக்குச் சோறு போட்டு, பீ மூத்திரம் அள்ளிப்போட என்னால முடியாது. எங்கயாவது ஹோம்ல போய்க் கெட!”

மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. சீரியல் முடிந்த பிறகும் அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஃபோன் அடித்தது. மைதிலிதான். எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

“கேட்டேன்,” என்றார் அம்மா. “நீயேதான். என் மகதான்... ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அந்தப் பொண்ணையே பேசச் சொல்லு. அவ என்ன சொன்னாலும் நான் பதிலுக்கு நாலு வசவு வஞ்சுட்டுத் தூங்கப் போயிருவேன். நீ சொன்னா... எனக்குத் தாங்கலம்மா.”

அடுத்த இரண்டு நாளில் பார்த்தவர்கள் எல்லாரும், இப்போதுதான் வில்லி மாதிரி இருக்கிறது என்றார்களாம். லாரி ரத்து! இனிமேல் நீங்களே பேசுங்கள் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். பத்துப் பதினைந்து வருடமாக யாரும் சொல்லாத வார்த்தை. மைதிலி வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் பெண் திரும்பி வரும்வரை வேறு யாரையாவது கிளி கொஞ்ச வைக்கப்போகிறார்கள்.

எனக்குக் கோபமான கோபம். ஃபோனில் பிடித்தேன். “லூசாடி நீ? இம்புட்டு வருஷம் கழிச்சு வந்த சான்ஸ உதறுறியே!”

“எதுக்குக் கேட்டேன்? அம்மாவுக்குத் தெரியணும்னுதான? தெரிஞ்சுபோச்சுல்ல!” என்று சிரித்தாள், அந்தக் கட்டைக் குரலில். “வச்சிர்றேன்டி, அம்மாகிட்டப் பேசுற நேரம்.”

தினமும் சீரியல் முடிந்ததும் பேசுகிறாள். மைதிலியின் சொந்தக் குரலுக்கு இப்போதைக்கு ஒரே ஒரு ரசிகைதான் – ஆனால் சேனல் மாற்றாத ரசிகை.