கரீம் பாய் கழற்றிய தெர்மோஸ்டாட்

இந்த ஊரில் ஒருவர் காரை ரிப்பேருக்கு விட்டால், வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு காகிதப் பையையும் கொடுக்க வேண்டும். கழற்றிய பழைய சாமான் அதற்குள் இருக்கும். தேய்ந்த பிரேக் கட்டையோ, கிழிந்த பெல்ட்டோ, எதுவானாலும் சரி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில்தான் போடுவார்கள். ஆனாலும் கையில் கொடுத்தாக வேண்டும். நான் இங்கிலாந்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பூப்போட்ட தொப்பி வைத்த ஒரு கிழவி என் முன்னால் கை நீட்டி, "என் பழைய பார்ட் எங்கே?" என்று கேட்டாள். என்னைத் திருடன் என்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மீ நோ தீஃப்! மீ நோ தீஃப்!" என்று தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். அவள் பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டாள். முதலாளி ஓடிவந்து, கூடையில் கிடந்த சாமானை எடுத்துத் துடைத்து அவளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்டது வழக்கமான கேள்வி என்று எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது.

அதெல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நல்லம்பள்ளி மாதையனுக்கு இன்று இங்கே சொந்த ஷெட் இருக்கிறது. எனக்குக் கீழே மூன்று வெள்ளைக்காரர்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்துத் தெரு டாக்டர், காரில் ஒரு சத்தம் கேட்டால் வேறு எங்கும் போகாமல் என்னிடம்தான் வருவார். பானட்டைத் திறக்காமலே, காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. யார் தோளிலும் ஏறி நான் மேலே வரவில்லை. எனக்குக் கூச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். என் தங்கை முனியம்மாவின் வீடு நல்லம்பள்ளியில் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் ஓர் அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அந்த ஒரு வண்டியில்தான் அவர்கள் குடும்பம் நடக்கிறது. அம்பாசிடருக்குத் தாய்வண்டியான பழைய கார்கள் இங்கிலாந்துக் காயலான் கடைகளில் கிடக்கும். இஞ்சின் ஒரே ஜாதி. மாப்பிள்ளைக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யோசித்து, சட்டைத்துணி, டேப் ரிக்கார்டரோடு புத்தம் புதிய தெர்மோஸ்டாட் ஒன்றையும் பெட்டியில் வைத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான் அது. இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து நிற்கும். சூடு ஏறியதும் தானாகத் திறந்து வழிவிடும். அது சரியாக இருந்தால் இஞ்சினுக்கு ஆயுசு கூடும், பெட்ரோல் மிச்சமாகும்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திப் பானட்டைத் தூக்கினேன். ஸ்டாண்டிலிருந்த டிரைவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பிறந்தது. தங்கையிடம் பால் காய்ச்சும் குண்டானை வாங்கி, தண்ணீர் கொதிக்க வைத்து, நூலில் கட்டி அந்தச் சாமானை உள்ளே தொங்கவிட்டேன். கொதி வந்ததும் அதன் வாய் மெல்லத் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. "அடேங்கப்பா, உசுரு இருக்குதுங்க அதுக்கு!" என்றான் ஒரு டிரைவர். பிறகு ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, மேல் ஹோஸைக் கழற்றி, மூன்று நட்டுகளைத் திருகி மூடியைத் தூக்கினேன். உள்ளே பழைய தெர்மோஸ்டாட்டைக் காணோம். வெறும் ஓட்டைதான் இருந்தது.

"இது கரீம் பாய் கைவேலைங்க. இந்த ஸ்டாண்டுல முக்காவாசி வண்டிக்கு அவருதான் கழட்டி உட்டாரு" என்றார் இன்னொருவர்.

கரீமும் நானும் வாலிபத்தில் தர்மபுரியில் ஒரே லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். நான் கப்பல் ஏறினேன்; அவர் நல்லம்பள்ளி ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் இதெல்லாம் என் நினைவுக்கு வரவில்லை. சுற்றி நின்ற கூட்டம்தான் என் கண்ணில் பட்டது.

"கழட்டுனவன் சாமானை எங்க வெச்சான்? எங்க ஊர்ல கழட்டுன சாமானைக் கையில குடுத்துடணும். குடுக்காதவனுக்கு ஒரே பேருதான்."

"என்ன பேருங்க?"

"திருட்டுப் பய."

நான் 'எங்க ஊர்' என்று சொன்னது இங்கிலாந்தை. நின்றது நல்லம்பள்ளி மண்ணில். அப்போது அது எனக்கே உறைக்கவில்லை. மாப்பிள்ளை கோவிந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுச் சாமானைப் பொருத்தி, தண்ணீர் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டை வைத்து, மூடியை முறுக்கினேன். போர் பைப்பில் பிடித்த தண்ணீரை ஊற்றிக் கிளப்பியபோது சூடு காட்டும் ஊசி ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டிரைவர்கள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் கரீம் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது.

"மாதையா, என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டியிருக்கலாமே?"

"உன்னைக் கேட்டுத்தான் நான் இந்த நெலமைக்கு வந்தனா, பாய்?"

அவர் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாகப் பானட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். பல வண்டிகளில் வெறும் ஓட்டைதான். காணாமல் போன சாமான்களை எல்லாம் கரீம் விற்றுத் தின்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் ரிப்பேர் வண்டிகள் தர்மபுரிக்குப் போக ஆரம்பித்தன. நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். தகரக் கொட்டகை வாசலில் ஒரு வண்டியும் இல்லை. கரீம் சும்மா உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மையை எழுதுகிறேன்: அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள், சேலத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்த தங்கை மகள் செல்வியை வீட்டுக்கு அழைத்துவரப் போனோம். போகும்போது இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது உச்சி வெயில்; தொப்பூர் கணவாய் ஏற்றம். பாதி ஏறும்போதே ஊசி சிவப்பைத் தொட்டது. நான் சொல்லும் முன்பே பானட்டிலிருந்து ஆவி பீறிட்டது. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். பின் சீட்டில் செல்வி, அவள் மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. வெக்கை தாங்காமல் அது வீறிட்டு அழுதது. தங்கை முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். என்னிடம் ஸ்பேனர் இல்லை, தண்ணீரும் இல்லை. கோட்டுப் போட்டுப் படம் பிடித்துக்கொண்ட இந்த லண்டன் மெக்கானிக், ஆவி அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மாப்பிள்ளை என்னைக் கேட்காமலே ஒரு லாரியை நிறுத்தி டிரைவரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார்.

"யாரை வரச் சொன்னீங்க மாப்ள?"

"கரீம் பாயைத்தாங்க. அவரை உட்டா இந்த வெயில்ல வேற யாருங்க வருவா?"

வந்தார். சேலம் போகிற லாரியிலிருந்து இரண்டு கேன் தண்ணீரோடும் சாக்குப் பையோடும் இறங்கினார். இஞ்சின் பக்கம் போகாமல் முதலில் பின் கதவைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பிழிந்து, வெயில் படுகிற ஜன்னலில் கட்டினார். "அழட்டும்மா, அழுதா நல்லதுதான். பால் குடு" என்றார் செல்வியிடம். அதற்கப்புறம்தான் பானட்டுக்கு வந்தார்.

"அந்த ஸ்பேனரைக் குடு, மாதையா."

எடுத்துக் கொடுத்தேன். அடுத்தது கேட்டார், கொடுத்தேன். கால் மணி நேரம் அவருக்கு நான் கையாளாக நின்றேன். மூடியைத் தூக்கி, நான் கொண்டுவந்த சாமானை வெளியே எடுத்துக் காட்டினார். பத்தே நாளில் அதன்மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்பு பூத்திருந்தது. வாய் பாதி திறந்தபடியே இறுகிப்போயிருந்தது.

"நீ போறப்ப நம்ம ஊர்ல கெணத்துத் தண்ணி. இப்ப எல்லாம் போர் தண்ணி, மாதையா. உப்பு. குண்டான் அடியைப் பாரு, அதே கதைதான் இதுக்கும். ரேடியேட்டரே பாதி அடச்சிருக்குது. இதுல இது வேற பாதி வாயை மூடிக்கிட்டா எங்க போவும் தண்ணி? அதான் எல்லா வண்டிக்கும் கழட்டி உட்டேன். உன் சாமான் நல்ல சாமான்தான்யா. அதுக்கு இந்தத் தண்ணியத் தெரியாது."

கேஸ்கட் கிழிந்துவிட்டிருந்தது. டாஷ்போர்டில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை மூடியின்மேல் வைத்து, சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டித் தட்டி, நிமிஷத்தில் ஒரு கேஸ்கட் வெட்டினார். கிரீஸ் தடவி உட்காரவைத்து நட்டுகளை முறுக்கினார். பிறகு மாப்பிள்ளையிடம், "ஏம்ப்பா கோவிந்தா, நான் கழட்டிக் குடுத்தது எங்க?" என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே பழைய தெர்மோஸ்டாட், அதுவும் வெள்ளையாக இறுகி. கரீம் அதை முறையாக உடையவர் கையில்தான் கொடுத்திருந்தார். மற்ற டிரைவர்கள் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். எந்த வெள்ளைக்காரனும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லலை மாப்ள?"

"நீங்க பேசறப்ப நாங்க குறுக்க பேச முடியுங்களா மச்சான்?" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறி வீடு வந்தது. ஸ்டாண்டில் எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். "என்னங்க ஆச்சு லண்டன் சாமானுக்கு?" என்று கேட்டான் ஒருவன். கரீம் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். பொட்டலம் மாப்பிள்ளை கையிலேயே இருந்தது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர்களுக்கெல்லாம் நான் பேனாவும் சென்ட்டும் கொடுத்திருந்தேன். என்னை அண்ணாந்து பார்த்த கண்கள் அவை. வாயைத் திறந்தேன்.

"சாமான்ல கோளாறு. வித்தவன் ஏமாத்திட்டான்" என்றேன்.

கரீம் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சின்னப் புள்ளையப் பாத்துக்கங்க, வெக்கை பட்டிருக்குது" என்று தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்து போனார். ஐந்து நாள் கழித்து நான் விமானம் ஏறினேன். இடையில் இரண்டு முறை அவர் கொட்டகை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் யாரோ என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். நானும் வேறு வேலையாக வந்தவன்போல் நடந்துவிட்டேன்.

தங்கை கடிதம் போட்டிருக்கிறாள். செல்வியின் குழந்தை தவழ்கிறதாம். கரீம் பாய் இப்போது ஏரியூர்ப் பக்கம் மோட்டார் பம்பு செட் ரிப்பேருக்குப் போய்வருகிறாராம், கொட்டகையை வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறாராம். அதை அவள் என்மேல் குறையாக எழுதவில்லை. ஊர்ச் செய்தியோடு செய்தியாக எழுதியிருக்கிறாள்.

ஆகவே இதைப் படிக்கிற நல்லம்பள்ளிக்காரர்களுக்குச் சொல்கிறேன். கரீம் பாய் யார் சாமானையும் எடுக்கவில்லை. கழற்றியது உங்கள் இஞ்சினைக் காப்பாற்ற. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கோவிந்தனின் டிக்கியைத் திறந்து பாருங்கள். திருட்டுப் பய என்று சொன்னது தப்பு. சொன்னவன் மாதையன். வண்டிகளை அவரிடம் விடுங்கள். இதை ஸ்டாண்டில் நின்று நானே என் வாயால் சொல்லும்வரைக்கும் இது அரை மன்னிப்புதான் என்று எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம், எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதை ஷெட்டில் நின்று ஒரு முறை சத்தமாகப் படித்தேன். நல்லம்பள்ளியில் தொண்டைக்குள்ளேயே நின்றுபோன அந்த வார்த்தைகள் இங்கே தடையில்லாமல் வந்தன. எவ்வளவு கணீரென்று வந்தன தெரியுமா! என்னிடம் வேலை செய்யும் மூன்று பேரும் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் ஒன்றும் விளங்காமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தியதும், இது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, ஒருவன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.