நோட்டில் இருந்த நூற்று நாற்பது

என் மகள் ஷாலினி ஏழு வயதில் திடீரென்று நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்குக் கொண்டுபோகும் பாட்டில் பத்தாமல், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குடத்துக்கு ஓடுவாள். "ஸ்டெல்லா, நம்ம வூட்டுக்குத் தனியா ஒரு தண்ணி லாரி சொல்லிடு" என்று மனைவியிடம் ஜோக் அடித்தேன். படுக்கையை நனைத்தாள். அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதற்கும்.

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் காலை எழுப்பினால் கண் திறக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. வாயில் கெட்டுப்போன பழத்தின் வாசனை. என்னிடம் அப்போது ஜோக் எதுவும் இல்லை.

டைப் ஒன் சர்க்கரை நோய் என்றார்கள் (கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நோய், இனிப்பு தின்றதால் வருவதில்லை). அதைக் கவனிக்காமல் விட்டதால் கீட்டோ அசிடோசிஸ் வரை போய்விட்டது (இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்க, ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை). நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இப்படித் தண்ணீர் குடித்தால், தயவுசெய்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சில விநாடி வேலை. நான் அந்தச் சில விநாடிக்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டவன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கத்தில் வீடு, கூடுவாஞ்சேரியில் டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு போர்டு, நான். கற்றுக்கொள்பவருக்கு இருப்பதுபோலப் பக்கத்தில் உட்காரும் எனக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடமாக, அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்துவதுதான் என் பிழைப்பு.

மகளின் நோயையும் அப்படித்தான் நடத்தினேன். தினம் நான்கு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் விரலில் ஒரு குத்து, மீட்டரில் ஒரு எண், நோட்டில் அதே எண். நூறு வந்தால் "செஞ்சுரி" என்பேன். இருநூறைத் தாண்டினால் "டபுள் செஞ்சுரிடா கண்ணு, மேட்ச் நம்மளுது" என்று கைதட்டுவேன். அவள் சிரிப்பாள். குழந்தை பயப்படக்கூடாது என்பது என் சிகிச்சை முறை. எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காதது.

பதின்மூன்று வயதில் ஒருநாள், "இனிமே நானே குத்திக்கறேன், நானே எழுதறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் நோட்டைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தேன். நோட்டு அழகாக வந்தது. நூற்று முப்பது, நூற்று நாற்பது, எப்போதாவது நூற்று எண்பது. அதை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "நோட்டும் இதுவும் ஒத்துப்போகலியே" என்றார் குழந்தைகள் டாக்டர். "லேப்ல யாரோ தூக்கத்துல பாத்திருப்பாங்க டாக்டர்" என்றேன். மீட்டரில் பழைய எண்களெல்லாம் பதிவாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தோன்றக்கூடாது என்று இருந்திருக்கிறேன்.

பதினெட்டு முடிந்ததும், இனி பெரியவர்களுக்கான டாக்டரிடம் போகவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு என்பது எனக்குத் தொழில்முறையில் பழக்கமான எண். "வயசு பதினெட்டு ஆச்சா?" என்று கேட்காமல் நான் யாருக்கும் லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்பியதில்லை. கேட்டுவிட்டு, அவர்கள் முதல் நாள் வண்டி எடுக்கும்போது என் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்ததும் இல்லை.

தாம்பரத்தில் அந்தப் புது டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் நோயாளிக்கான நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருடப் பழக்கம். நோட்டு என் மடியில். ஷாலினி பின்னால் நின்றாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. என்னைவிட வயதில் சிறியவர். "ஷாலினி, நீங்க உக்காருங்க" என்றார். என் மகளை 'நீங்க' என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். குழந்தைகள் டாக்டருக்கு அவள் கடைசி வரை 'குட்டி'. "சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

"இல்லம்மா, நோட்டு எங்கிட்டதான்…"

"நோட்டை அவங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க."

வெளியே நடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் ரிப்போர்ட் பை. "உங்களுக்கு எத்தினி வருஷமா கீது?" என்றார்.

"எனக்கில்லீங்க. பொண்ணுக்கு."

"அடப் பாவமே. கல்யாணம் ஆயிடுச்சா?"

"மாப்ள பாக்கத்தான் இங்க உக்காந்துகினு இருக்கேன்" என்றேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த மூடிய கதவுக்குப் பின்னால் என் மகளின் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் இல்லாமல். அது எப்படி முடியும் என்று உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. நான்தானே அந்த உடம்புக்கு மானேஜர்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஷாலினியைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள். "இந்த நோட்டுல பாதிக்கு மேல நானா எழுதினது. மீட்டர்ல வந்தது வேற."

நோட்டை அவள் கையிலிருந்து வாங்கிப் புரட்டினேன்.

"மதியம் ஊசிய நிறைய நாள் போடல. காலேஜ்ல எல்லாரும் பாப்பாங்கன்னு. இப்ப ரிப்போர்ட்டப் பாத்தா யூரின்ல புரோட்டீன் கசியுது."

மைக்ரோ ஆல்புமின் (சிறுநீரில் மிக நுண்ணிய அளவில் கசியும் புரதம், சிறுநீரகம் திணறத் தொடங்கியதன் முதல் அடையாளம்) என்று டாக்டர் விளக்கினார். இப்போதே சர்க்கரையைச் சீராக்கினால் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. இப்படியே விட்டால் சில வருடங்களில் சிறுநீரகம் போய்விடலாம். ஒரு மாத்திரை தந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

என் வாய் தன் வழக்கமான வேலையைச் செய்யப் போனது. "அப்போ நம்ம நோட்ட கதைன்னு பத்திரிகைக்கு…"

"அப்பா. இப்ப ஜோக் வேணாம்."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. நான் நிறுத்திவிட்டேன்.

வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். அவளிடம் எல்எல்ஆர் (ஓட்டிப் பழகுவதற்கான உரிமம்) இருந்தது. "நான் ஓட்டறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து மீட்டரை எடுத்து விரலில் குத்திக்கொண்டாள். தாழ்சர்க்கரையோடு வண்டி எடுப்பது குடித்துவிட்டு எடுப்பதுபோல. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகவே செய்தாள்.

"எவ்ளோ?" என்றேன்.

"ஓட்டலாம்ப்பா" என்று மீட்டரை உள்ளே வைத்தாள்.

ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் தாண்டியது. அதன்பிறகு கேட்டேன். "ஏன்டா கண்ணு பொய் எழுதின? நான் திட்டியிருக்கேனா ஒருநாளு?"

"திட்டியிருந்தா பரவால்லப்பா. இருநூத்தி அம்பதுன்னு எழுதினா நீ டபுள் செஞ்சுரின்னு கை தட்டுவ. அப்புறம் சோத்தை அளைஞ்சிட்டு எழுந்து போயிடுவ. நூத்தி நாப்பதுன்னு எழுதினா ரெண்டு தபா சோறு போட்டுக்குவ."

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். என் நடிப்பை ஐந்து வருடமாக முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், டிக்கெட்டுக்கு அவள் கொடுத்தது தன் சிறுநீரகம். நான் அவள் பயப்படக்கூடாது என்று சிரித்தேன். அவள் நான் சாப்பிட வேண்டும் என்று எழுதினாள். என் தொப்பை முழுக்க அந்தக் கள்ள நூற்று நாற்பதுகளால் வளர்ந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்ல வேணாம்னா சொல்ல மாட்டேன்னாங்க டாக்டர்" என்றாள். "பதினெட்டு ஆயிடுச்சாம், அது என் இஷ்டமாம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

வண்டலூர் பாலம் வந்தது. ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. அவள் வேகத்தைக் குறைத்து அதற்கு வழிவிட்டு, பிறகு சொன்னாள். "மறைச்சி வெச்சிகினே சரி பண்ண முடியாதுப்பா. உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும்ப்பா."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் அசந்து உட்கார்ந்திருந்தேன். எந்த வயதில் பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று உங்களில் பலர் கேட்பீர்கள். எனக்கு வயது தெரியாது. என் மனம் நோகக்கூடாது என்று தன் உடம்பைச் செலவு செய்த வரை அவள் குழந்தை. எவ்வளவு பாசமான குழந்தை என்றாலும் குழந்தைதான். எனக்கு வலிக்கும் என்று தெரிந்தே, மறைக்க வழி இருந்தும், நேரே பார்த்துச் சொன்னாளே, அப்போது என் எதிரில் இருந்தது வேறு ஓர் ஆள். அந்த ஆளை நான் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். பதினோரு வருடம் ஒரே வீட்டில் ஊசி போட்டுவிட்டும் இவள் எப்போது வந்து சேர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஸ்டெல்லா சமையலறையில் நின்று அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "மதியத்துக்கு இனிமே இன்னா கட்டிக் குடுக்கணும், நீயே சொல்லு" என்று மகளிடம் கேட்டாள். என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டவள்.

எனக்கும் ஷாலினிக்கும் ஓர் ஒப்பந்தம். நான் எண்ணைக் கேட்கக்கூடாது. "என்னால முடியலன்னா நானே கூப்புடுவேன்" என்றாள். மூன்று மாதம். நோயைவிட அந்தச் சிகிச்சை எனக்குத்தான் கடினமாக இருந்தது. கேட்க வந்த கேள்வியைத் தண்ணீர் குடித்து விழுங்குவேன்.

இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் போன் வந்தது. "அப்பா, ரெண்டு தபா வாந்தி. கீட்டோன் வந்துகீது. ஊசி போட்டுட்டேன். பிரெண்டு கூட ஆட்டோல ஹாஸ்பிட்டல் போய்கினு இருக்கேன். நீ நேரா அங்க வந்துடு. பொறுமையா ஓட்டிகினு வா."

ஏழு வயதில், ரத்தம் அமிலமாகும் இதே ஆபத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு என்ன போட்டுக்கொண்டாள் என்று நர்ஸிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணு நேரத்துக்கு வந்துட்டா சார்" என்றார் நர்ஸ். நான் தலையாட்டினேன். அந்தக் கூட்டத்தில் ஒன்றும் தெரியாத ஒரே ஆள் நான்தான். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மாதம் முடிந்து பரிசோதனை. தனியாகப் போய்வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே, "புரோட்டீன் நார்மல்" என்றாள். எச்பிஏ1சி எட்டு சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது. இன்னும் குறைக்க வேண்டும். வருடா வருடம் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது குணமாகிற நோய் இல்லை. ஆனால் கசிவு நின்றிருந்தது.

போன வாரம் கூடுவாஞ்சேரியில் ஓர் அக்காவுக்கு வண்டி கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், ரிவர்ஸ் எடுப்பதில்தான் தகராறு. திடீரென்று என் வயிற்றில் ஒரு பிசைவு. மணி பார்க்கவே தேவையில்லை, நான்கு. மதிய ஊசியின் வேகத்தில் அவளுக்குச் சர்க்கரை இறங்கும் நேரம். பதினோரு வருடமாக என் உடம்பில் மணிகள் அப்படித்தான் இருந்தன: சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம், இறங்கும் நேரம். நான் எந்தச் சாலையில் இருந்தாலும் என் வயிறு அவள் ரத்தத்தின் நேரத்தைக் காட்டும்.

போனை எடுத்தேன். அழைப்பு எதுவும் இல்லை. அவள் எங்கோ இருக்கிறாள். விரலில் குத்திப் பார்த்திருப்பாள், அல்லது ஒரு பிஸ்கட் சாப்பிட்டிருப்பாள், அல்லது ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது. எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அந்த நேரம் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்திருந்தது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நான்கு மணி இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"இன்னா சார், அப்பிடியே உக்காந்துட்டீங்க?" என்றார் அக்கா. "மணி இன்னா ஆச்சு?"

"நாலு" என்றேன். "சும்மா நாலுதான்க்கா."